வெள்ளிக்கிழமை மட்டும் உறுமிய சிவப்பு வண்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. கையில் ஸ்கேனர், பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி, படம் எடுத்தால் பாதி ரிப்போர்ட்டைத் தானே எழுதிக்கொள்ளும் டேப்லெட். நான் வந்தபோது என்னிடம் ஒரு டார்ச் லைட்டும் பழைய காட்டன் துணியும்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் எஞ்சின் டெஸ்டிங் பிரிவில் பல வருடம் காதைத் தேய்த்துவிட்டு, குருபரப்பள்ளிப் பக்கம் ஹைவே ஓரத்தில் இருக்கும் இந்த ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. விற்கிறவர்கள், ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்ததும், பின்னால் இன்ஸ்பெக்டர் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு டீ சொல்வார்கள். டீயைக் குடித்துவிட்டு பானெட்டைத் திறப்பேன்.

நேற்று உங்களில் ஒருவர் கேட்டார். ஒரே மாடல், ஒரே வருடம், டர்போ போட்ட ஸ்போர்ட்ஸ் கார் இரண்டு விற்பனைக்கு வந்தால், எது நம்பி வாங்கக்கூடியது என்று எதை வைத்துச் சொல்வது? கிலோமீட்டரையா, சர்வீஸ் விவரத்தையா, எத்தனை பேர் கை மாறியது என்பதையா? ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். நீங்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்று இப்படிப் பாடம் சொல்ல வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பாலமுருகன் என்று ஒருவர் வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். கூடவே மனைவி ஜெயா. அந்தப் பெண்ணும் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தாள், எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிற கண். கல்லூரி நாளிலிருந்தே இந்த மாடலின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு திரிந்தவர் பாலமுருகன். புதிதாக வாங்க வழியில்லை, இப்போது பழையதாக இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒன்று சாம்பல் நிறம், தொரப்பள்ளிப் பக்கம். இன்னொன்று சிவப்பு, ராயக்கோட்டையில். அவர் பேசிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சிவப்பை அவர் ஏற்கெனவே மனதுக்குள் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டது தலையாட்ட வைப்பதற்குத்தான்.

முதலில் சாம்பல் வண்டிக்குப் போனோம். அதன் சொந்தக்காரர் முனிராஜு, பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவர். பூ வியாபாரத்துக்காக அடிக்கடி பெங்களூர் போய்வருவார், அதுவும் இந்த வண்டியில்தான். நாங்கள் கேட்டருகே காத்திருந்தபோது அவர் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார். வண்டி நின்றது, கதவு திறந்தது, அவர் இறங்கிவிட்டார், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நமக்குப் படம் காட்டுகிறார் என்று பாலமுருகன் நினைத்துக்கொண்டார்.

"பன்னி மேடம், பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றுவிட்டு, முனிராஜு வண்டியைக் கை காட்டினார். "அது ஸ்வல்ப நேரம் ஓடட்டும். வந்தவொடனே ஆஃப் பண்ணக்கூடாது."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். அவருடைய டிராக்டரிலும் டர்போ இருக்கிறதாம். உழுதுவிட்டு வந்ததும் உடனே அணைத்தால் டர்போ போய்விடும் என்று டிராக்டர் மெக்கானிக் ஒருமுறை திட்டியிருக்கிறார். "டிராக்டருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா மேடம்?" என்றார். ஆயிலையும் டிராக்டர் கணக்கில்தான், கம்பெனி சொன்னதற்கு முன்பே மாற்றிவிடுவாராம்.

மற்றபடி அந்த வண்டியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து பாலமுருகன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முன்பக்கமெல்லாம் கல் தெறித்த புள்ளிகள். டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருந்தது. டிக்கியைத் திறந்தால் உர வாசனை, மூலையில் காய்ந்த ரோஜா இலைகள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மறுநாள் காலை நான் தனியாகப் போய் மீண்டும் பார்த்தேன். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு எஞ்சின் சொல்லும் உண்மையை, சூடேறிய பிறகு அதனிடம் வாங்க முடியாது. புகை இல்லை. ஆயில் சுத்தம். டர்போவின் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தேன், இலகுவாகச் சுழன்றது, ஆட்டம் இல்லை. கிளட்ச் தேய்ந்திருந்தது, முன் டயர்களை மாற்ற வேண்டும், சஸ்பென்ஷனில் சில ரப்பர்கள் போயிருந்தன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த செலவுகள்.

பாலமுருகனின் முகம் தொங்கிவிட்டது. "டவுன் பஸ் மாதிரில்லா உழைச்சிருக்கு" என்றார். ஜெயா சிரித்தாள்.

சிவப்பு வண்டி இருந்த வீட்டுக்கு முந்தின நாளே போன் செய்தேன். எடுத்தவர் பெருமாள். ராயக்கோட்டைத் தக்காளி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர், மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறவர். வண்டி அவருடையது இல்லை, அவர் மகன் சதீஷுடையது. பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டி, கனடாவில் வேலை கிடைத்ததும் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பெருமாள் ஐயாவுக்கு மொபெட்தான் ஓட்டத் தெரியும். இப்போது மகன் அங்கேயே தங்கப் போவதால் வண்டியை விற்றுவிடச் சொல்லியிருக்கிறான்.

நாளைக் காலை நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சேம்மா" என்றார். "பூஜை பண்ணணும். பையன் லைன்ல வருவான்."

சரி, நான் வந்த பிறகு பூஜை செய்யுங்கள் என்று சொன்னேன். இன்றுவரை நான் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று, யோசிக்காமல் எடுத்தது.

போனோம். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. பெருமாள் ஐயா வண்டிமேல் இருந்த உறையை எடுத்தார், அதற்கு உள்ளே இன்னொரு மெல்லிய துணி, அதையும் எடுத்தார். ஷோரூமில்கூட அப்படி ஒரு பளபளப்பு இருக்காது. சீட்டுகளில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக்கூடக் கிழிக்கப்படவில்லை. சந்தனம் பட்டால் பெயிண்ட் கறையாகும் என்று, பொட்டைக்கூட நம்பர் பிளேட்டில்தான் வைத்திருந்தார். பாலமுருகன் கர்ப்பகிரகத்துக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார். ஓடியிருந்த கிலோமீட்டர், சாம்பல் வண்டிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பானெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மனிதர் சொன்ன சொல் தவறாதவர். ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் மோர் நுரைபோல வெளுப்பாக ஒட்டியிருந்தது. கேஜ் கம்பியை உருவி மோந்தால் ஆயிலில் பெட்ரோல் வாசனை. எனக்கு லேசாக நெருடியது. ஆனால் பனிக்காலத்தில் நல்ல வண்டியிலும் கொஞ்சம் நுரை கட்டும், அதனால் வாயைத் திறக்கவில்லை. கம்பெனி கொடுத்திருந்த ஸ்கேனரையும் மாட்டிப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை என்றது. அதை மட்டும் நம்பியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம்.

அப்போது பெருமாள் ஐயாவின் போன் அடித்தது. வீடியோவில் சதீஷ். ஐயா போனை சைலன்சருக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தார். சூடம் காட்டினார். எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நசுக்கினார். பிறகு கதவைத் திறந்து, சீட்டின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

"இப்ப அழுத்துப்பா" என்றது போன்.

எஞ்சின் உயிர் பெற்ற அதே மூச்சில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றது போன். இன்னும் அழுத்தினார். அந்த உறுமல் உச்சத்தில் இருந்தபோதே சாவியைத் திருப்பி அணைத்தார். பாலமுருகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரவசம். நான் சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடப் புகையோடு நீலமாக இன்னொரு புகை கலந்து மேலே போனது. அது ஆயில் எரிகிற புகை.

"சூப்பர்ப்பா, வெக்கட்டுமா?" என்று மகன் போனை வைத்துவிட்டான். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியதோ, அவ்வளவு நேரம்தான் அந்தப் பேச்சும். வாராவாரம் இப்படித்தானாம். அங்கே இரவு, இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவானாம். பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஜெயாவிடம் திரும்பிக் குரலை இறக்கினார். "வித்துட்டா வெள்ளிக்கிழமை அவன் எதுக்குக் கூப்புடப் போறான்னுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்குது."

நான் காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் சக்கரத்தைத் தொட்டேன். பல் ஆடுவதுபோல் ஆடியது. குழாய்க்குள் ஆயில் கசிந்து தேங்கியிருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அங்கே என்ன நடந்திருக்கிறது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். டர்போ என்பது மிக வேகமாகச் சுற்றும் சின்னச் சக்கரம். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆறிக் கிடக்கும் எஞ்சினை எழுப்பியதுமே அழுத்தினால், ஆயில் சரியாகப் போய்ச் சேர்வதற்குள் சக்கரம் வேகமெடுத்துவிடும். வேகத்தில் இருக்கும்போதே எஞ்சினை அணைத்தால், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் வருவது நின்றுவிடும். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் அடி. நடுவில் எஞ்சின் ஒருநாளும் முழுதாகச் சூடேறியதில்லை, அதனால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிட்டன. எந்த வண்டிக்காரனும் வேண்டுமென்றுகூட இப்படிச் செய்ய மாட்டான். இவர் பக்தியோடு செய்திருக்கிறார்.

பாலமுருகனையும் ஜெயாவையும் வாசலுக்கு வெளியே அழைத்துப்போய்ச் சொன்னேன். அவர் விடவில்லை. டர்போவை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா என்றார். டர்போவைக் கெடுத்த அதே ஆயில்தான் எஞ்சின் முழுக்கச் சுற்றியிருக்கிறது, பிரித்துப் பார்க்காமல் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். சாம்பல் வண்டியில் என்னென்ன கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதில் எதெல்லாம் கெடாமல் இருக்கிறது என்றே தெரியாது.

"மனசு கேக்க மாட்டேங்கு மேடம்" என்றார்.

"மேடம் வண்டியத்தான் பாத்துச் சொல்லுவாங்க. ஒங்க மனச நாந்தான் பாத்துக்கணும்" என்றாள் ஜெயா. அதோடு அவர் அடங்கினார்.

நம் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ரிப்போர்ட் வாங்குகிறவருக்கு மட்டும்தான், விற்கிறவரிடம் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. இந்த ஷெட்டை அப்போது பார்த்துக்கொண்டவர், எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், அதைத்தான் முதல் நாளே சொன்னார். விற்கிறவரிடம் குறையைச் சொன்னால் சண்டை வரும், யோசித்துச் சொல்கிறோம் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு என்பார். நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். நீங்களும் பெரும்பாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு உள்ளே வந்தேன். பெருமாள் ஐயா டீயோடு நின்றார்.

"எப்படிம்மா இருக்குது? ஒரு கீறல் படாம கொழந்தை மாதிரி வெச்சிருக்கேன்."

நன்றாகத்தான் இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிடலாம். அடுத்த வெள்ளிக்கிழமையும் சூடம் காட்டுவார், அழுத்துவார். யாரோ ஒருவர் பளபளப்பைப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இழுவை இல்லாமல் நிற்பார். அந்த ஆள் திரும்பி வந்து இந்த வாசலில் நின்று கத்தும்போது, மகனும் போனில், என்னப்பா பண்ணி வெச்சிருக்கே என்பான். மறுபக்கம், இப்போதே சொன்னால், இந்த மனிதருக்கு மகனோடு இருக்கிற ஒரே நூலை நான் அறுத்தவளாவேன். டீ டம்ளர் கையைச் சுட்டது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். டர்போ என்றால் என்ன, ஆயில் என்ன செய்கிறது, நின்ற இடத்தில் உறுமினால் என்ன ஆகும் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

இந்த இடத்தில் இல்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். உங்களுக்கும் ஒருநாள் துடிக்கும். ஆனால் இல்லை என்று சொன்னால், அதற்கு முன் சொன்ன அத்தனையும் பொய்யாகிவிடும்.

"ஆமாங்க ஐயா. அதனாலதான் கெட்டுது. ஆனா இது ஒங்களுக்கும் தெரியாது, ஒங்க பையனுக்கும் தெரியாது."

"அவன் அழுத்துன்னு சொன்னா, நான் எப்படிம்மா அழுத்தாம இருப்பேன்?"

கேட்டுவிட்டு அவர் வண்டிக்குள் கையை விட்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று கிழிந்து வந்தது. இத்தனை வருடத்தில் அந்த வண்டி ஓடும்போது அவர் ஒருமுறைகூட அதில் உட்கார்ந்ததில்லையாம். "ஒரு தடவ போய்ட்டு வரலாமா? ஓடுமா?" என்றார்.

மெதுவாகப் போனால் ஓடும் என்றேன். பாலமுருகன் சாவியை வாங்கிக்கொண்டார். தான் வாங்கப் போவதில்லை என்று முடிவான ஒரு வண்டியை, எஞ்சின் பதமாகச் சூடேறும்வரை பொறுத்திருந்து, அதட்டாமல், அவ்வளவு மரியாதையாக ஓட்டினார். அந்த வாரமே சாம்பல் வண்டியைத்தான் வாங்கினார், இன்றும் அதில்தான் கோவில்பட்டி போய்வருகிறார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தச் சிவப்பு வண்டி ஓட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். பின்னால் சீட் என்று பெயருக்கு ஒன்று இருந்தது, அதில் நானும் ஜெயாவும் மடங்கி உட்கார்ந்திருந்தோம். பெருமாள் ஐயா கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். மார்க்கெட் வாசலில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் யாரென்று தெரியாமல் வணக்கம் வைத்துவிட்டு, தெரிந்ததும் வாயைப் பிளந்தார். ஐயாவுக்குக் காது சிவந்துவிட்டது.

கொட்டகைக்குத் திரும்பியதும் பாலமுருகன் சாவிக்குக் கையைக் கொண்டுபோனார். முனிராஜுவின் வார்த்தை எனக்கு வந்துவிட்டது. "ஸ்வல்ப ஓடட்டும்" என்றேன். எல்லோரும் இறங்கி, தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டியைச் சுற்றி நின்றோம். போன் அடித்தது. சதீஷ்தான், வண்டி பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க. பின்னணியில் எஞ்சின் சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது.

"வண்டி ஓடுதா? அழுத்துப்பா, கேக்கலாம்."

"இல்லடா. இப்ப அழுத்தக்கூடாது. ஓடிட்டு வந்திருக்குது, ஆறட்டும்" என்றார் பெருமாள் ஐயா. பிறகு, யாரும் சொல்லித் தராமல், "நாம ரெண்டு பேருமா சேந்து அதக் கெடுத்துட்டோம்டா" என்றார்.

பாலமுருகன் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், அவர் எஞ்சினை அணைத்தார். கொட்டகையில் சத்தம் நின்றது. இனி சதீஷ் போனை வைத்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். பெருமாள் ஐயாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஸ்பீக்கரில் இருந்த போனைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, வெறும் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நீ அதுல போனியாப்பா?" என்று கேட்டான் சதீஷ்.

"போனேன்டா. மார்க்கெட் வரைக்கும்."

"யாரு பாத்தா?"

யார் யார் பார்த்தார்கள் என்று அவர் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனார், எங்களிடம் விடைபெறக்கூட மறந்துவிட்டார். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு, டீ டம்ளர்களைத் திண்ணையில் எடுத்து வைத்துவிட்டு, கேட்டைச் சாத்தினோம். உள்ளே பேச்சு போய்க்கொண்டே இருந்தது, இப்போது தக்காளி விலையைப் பற்றி.